களைத்த வீரரும் காத்திருந்த அரங்கும்

1950ஆம் ஆண்டில், பிரித்தானியத் தீவுகளின் ‘லயன்ஸ்’ றக்பி அணியினர் கப்பலேறி நியூசீலாந்து சென்றனர். அங்கே 23 ஆட்டங்களும் அவுஸ்திரேலியாவில் 6 ஆட்டங்களும் ஆடினர். தாயகம் திரும்பும் வழியில் கொழும்பிலும் இறங்கி இலங்கை அணியை எதிர்த்தனர். ஊதியம் பெறாது ஆடிய அவர்களுக்கு, தொழிலகத்தில் அத்தனை மாத விடுமுறை பெறுவதே பெரும்பாடு. ஓய்வைப் பற்றிய வழக்கு எழவில்லை. நீண்ட கடற்பயணம் அதனைக் கேளாமலே வழங்கிற்று.

1995 ஓகஸ்டில் சர்வதேச றக்பி சபை ஊதியம் பெற்று ஆடுவதற்கு இசைவளித்தது. அன்றுமுதல் வீரர் இரு எஜமானரின் ஊழியராயினர். கூலி கொடுக்கும் கழகம் ஒருபுறம். கொடி கொடுக்கும் நாடு மறுபுறம். பருவக்கணக்கும் பகையாயிற்று. அந்நாளில் இங்கிலாந்தின் ஆட்டப்பருவம் செப்டெம்பரில் தொடங்கி மே மாதத்தில் முடிவதாயிருந்தது. தெற்கு நாடுகளில் குளிர்காலம் யூன், யூலை மாதங்களில். ஆகவே, ஆடி ஓய்ந்த வீரர் அடுத்த மாதமே விமானமேற வேண்டியதாயிற்று.

இதன் விளைவை 1998இல் உலகு கண்டது. அவுஸ்திரேலியா, நியூசீலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்கும் இங்கிலாந்து அணி புறப்பட்டபொழுது, மாட்டின் ஜோன்சன், லோறன்ஸ் டலாலியோ முதலிய முன்னணி வீரர் பலர் அதில் இல்லை. காயம், சத்திரசிகிச்சை, களைப்பு எனக் காரணங்கள் கூறப்பட்டன. அவுஸ்திரேலிய றக்பி ஒன்றியத்தின் தலைவர் சினங்கொண்டார். முதலாம் உலகப்போரின் கலிப்பொலிக்குப் பின் இங்கிலாந்து இழைத்த பெருந்துரோகம் இதுவே என்ற பொருளில் சாடினார். உவமை மிகையே, ஆனால் முதல்தர அணியைக் காட்டுவதாக நுழைவுச்சீட்டு விற்றவர் அவர் என்பதையும் மறத்தலாகாது.

யூன் 6ஆந் திகதி பிறிஸ்பேனில் இங்கிலாந்து 76–0 எனத் தோற்றது. நியூசீலாந்தில் 64–22, 40–10. கேப் டவுனில் 18–0. பயிற்றுநர் கிளைவ் வூட்வாட் அழைத்துச் சென்ற இளைஞருட் சிலர் அதன்பின் நாட்டின் சீருடையை அணியவேயில்லை. மூத்தோரின் ஓய்வுக்கு விலை கொடுத்தவர் இவர்களே. ஆயினும் பிறிஸ்பேனில் அடிபட்ட பத்தொன்பது வயதினர் ஜொனி வில்கின்சன், 2003 நவம்பர் 22இல் சிட்னி நகரில், மேலதிக நேரத்தின் இறுதிக் கணங்களில் உதைத்த பந்தே அதே அவுஸ்திரேலியாவை 20–17 என வீழ்த்தி உலகக் கிண்ணத்தை ஈட்டிற்று. அன்று ஜோன்சனும் டலாலியோவும் அவருடன் களத்தில் நின்றனர்.

2007இல் வழக்கு தென்திசைக்கு மாறியது. நியூசீலாந்துப் பயிற்றுநர் கிரஹாம் ஹென்றி, உலகக் கிண்ணத்தை எண்ணித் தம் வீரர் 22 பேரை ‘சூப்பர் 14’ தொடரின் முதல் ஏழு வாரங்களுக்கு விலக்கிவைத்து உடற்பயிற்சியில் ஈடுபடுத்தினார். ஒளிபரப்புக்குப் பணம் செலுத்தியோரும் இரசிகரும் முணுமுணுத்தனர். ஒக்டோபர் 6ஆந் திகதி, காடிப் நகரில் நடந்த காலிறுதியில் பிரான்சு 20–18 என அவ்வணியை வெளியேற்றியது. ஆட்டப்பழக்கம் குன்றியதே காரணம் என்றனர் சிலர். மத்தியஸ்தரின் தவறு என்றனர் வேறு சிலர்.

அதே ஆண்டு தென்னாபிரிக்காவின் ஜேக் வைற் செய்தது இன்னும் துணிகரமானது. மூன்று நாடுகளின் தொடரில், அவுஸ்திரேலியாவுக்கும் நியூசீலாந்துக்கும் முன்னணி வீரரை அனுப்பாது இரண்டாந்தர அணியையே அனுப்பினார். சிட்னியில் 25–17, கிறைஸ்ற்சேர்ச்சில் 33–6 எனத் தோல்விகள். விருந்துக்கு அழைத்தவன் இலையில் பழஞ்சோறு வைத்ததுபோல் அந்நாட்டவர் மனம் புழுங்கினர். ஒக்டோபர் 20ஆந் திகதி பாரிசில் இங்கிலாந்தை 15–6 என வென்று அவர் கிண்ணத்தை ஏந்தியதும் அக்குறை தென்னாபிரிக்காவில் எவர் வாயிலும் எழவில்லை.

வென்ற வழி மீண்டும் கவர்வது இயல்பு. 2011 யூலையில், காயமுற்றோர் தேறவேண்டும் எனக்கூறி, தென்னாபிரிக்கா மூத்தோரை றஸ்ற்றன்பேர்க் நகரில் நிறுத்திவைத்தது. எஞ்சியோர் சிட்னியில் 39–20 எனவும் வெலிங்ரனில் 40–7 எனவும் தோற்றனர். மூத்தோர் பலர் ஒக்டோபரில் அதே வெலிங்ரன் அரங்குக்கு வந்து சேர்ந்தனர். 9ஆந் திகதி நடந்த காலிறுதியில் அவுஸ்திரேலியா அவர்களை 11–9 என வென்று வீட்டுக்கு அனுப்பிற்று.