மிகிந்தலைக் குகைகளும் ஒரு தமிழ் வணிகனின் பெயரும்

திருநெல்வேலியிலிருந்து கண்டிக்குப் போகிறவர்கள் ஏ-9 வீதியில் மிகிந்தலையைத் தாண்டித்தான் போகிறோம். பெரும்பாலும் வான் அங்கே நிற்பதில்லை. இந்த விடுமுறையில் நாங்கள் குடும்பமாக இறங்கி, ஏறிப் பார்த்தோம். அங்கே பிள்ளைகளுக்குச் சொன்னதை உங்களோடும் பகிர விரும்புகிறோம்.

முதல் படிவரிசை முடிந்ததும் வலப்பக்கம் ஒரு சிறிய படிக்கட்டு பிரியும். அது கண்டக சேதியத்துக்குப் போகிற வழி. பழைய குகைகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தேவநம்பியதீசன் இங்கே 68 குகைகளைத் துறவிகளுக்காகச் செய்வித்தான் என்கிறது மகாவம்சம். மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கியிருப்பது பௌத்தத் துறவிகளின் ஒழுங்கு. அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

குகை என்றதும் இருட்டுச் சுரங்கத்தை நினைக்க வேண்டாம். பெரும் பாறைகளுக்கு அடியில் இயற்கையாக அமைந்த ஒதுக்குகள் இவை. பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் பாறையோடு ஒட்டி உள்ளே இறங்காமல், அந்த விளிம்பில் சொட்டி வெளியே விழும். நம் வீட்டுக் கூரையின் இறவாரம் செய்கிற அதே வேலைதான்.

விளிம்புக்குக் கீழே பல குகைகளில் பிராமி எழுத்து இருக்கும். இலங்கையில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைக் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை ஒரே வரிதான்: இன்னாருடைய குகை, சங்கத்துக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்களில் அரசரும் உண்டு, ஊர்த்தலைவர்களும் உண்டு, சாதாரண குடும்பத்தவரும் பெண்களும் உண்டு.

நம் வடக்கிலும் இது உண்டு. வவுனியா மாவட்டத்தின் பெரிய புளியங்குளத்தில், தமிழ் வணிகனான விசாகன் என்ற இல்லத்தலைவனின் குகை என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. பிராகிருத மொழியில், 'தமேட' என்று தன் இனத்தையும் சேர்த்தே எழுதுவித்திருக்கிறான். கடலுக்கு அப்பாலும் இதே பழக்கம். மதுரைக்குப் பக்கத்து மாங்குளம் குகைகளில் சமணத் துறவிகளுக்குக் கொடுத்தவர்களாக வெள்ளறை நிகமத்து வணிகரைத் தமிழ்ப் பிராமி குறிப்பிடுகிறது.

இன்று கல்வெட்டு ஒன்று கிடைத்தால் போதும், இடம் யாருடையது என்ற சண்டை தொடங்கிவிடுகிறது. ஆனால் அந்தக் கல்வெட்டுகள் பலவற்றில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: நான்கு திசையிலிருந்தும் வந்தவர்களுக்கும், இன்னும் வராதவர்களுக்கும். அது துறவிகளைக் குறித்துச் சொன்னதுதான். என்றாலும், 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டிவந்து, பல வருடம் கழித்துத் திரும்பியவர்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். "இது எங்கட ஊர்தானே?" என்று கேட்கிற பிள்ளைக்கும், அதன் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கும் அந்த வாசகத்தைப் படித்துக் காட்ட வேண்டும். ஒருவர் மொழியில் மற்றவர் பெயரும், ஒருவர் வழிபாட்டிடத்தில் மற்றவர் கொடையும் இந்த மண்ணில் இரண்டாயிரம் வருடமாக இருக்கின்றன.

அடுத்த முறை அந்த வழியால் போனால் இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். வெயில் ஏறமுதல் போவது நல்லது. அது இன்றும் வழிபாட்டிடம், அதற்கேற்ற உடையோடு போங்கள். பாறையில் பெயர் கிறுக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவையுங்கள். அங்கே பெயர் எழுதியவர்கள் எதையாவது கொடுத்துவிட்டுத்தான் எழுதினார்கள்.