பார்டர்லைன்: அந்தக் கோடு எங்கே இருக்கு?

"பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்"னு ரீல்ஸில்கூட இப்போ அடிக்கடி கேட்கிறோம். ஆனா பார்டர்னா, எதுக்கும் எதுக்கும் நடுவில்? இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியிலிருந்துதான்.

1938, நியூயார்க். அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற மனப்பகுப்பாய்வாளர் ஒரு கட்டுரை எழுதுகிறார். அவர் காலத்து டாக்டர்களிடம் பெரிய பெட்டிகள் இரண்டுதான். பதற்றம், பயம் என்றால் நியூரோசிஸ். நிஜ உலகத்தோடு தொடர்பே அறுந்துபோனால் சைக்கோசிஸ். ஸ்டெர்னிடம் வந்த சிலர் இரண்டிலும் அடங்கவில்லை. சின்னச் சொல்லுக்கே மனசு புண்பட்டுப் போகும். வழக்கமான சிகிச்சையும் பலிக்காது. அவர்களை "பார்டர்லைன் குழு" என்றார். கவனிங்க, அந்தக் கோடு நோயாளியின் மனசில் இல்லை. டாக்டரோட நோட்டில் இருந்தது!

1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது முறையான நோயாக ஏறியது. கூடவே கெட்ட பேரும் வந்து ஒட்டிக்கிச்சு. "நடிக்கிறாங்க", "நம்மை ஆட்டிவைக்கிறாங்க"ன்னு மருத்துவர்களே பேசினார்கள்.

இப்போ கதை வேறொரு அறைக்குப் போகுது. 1995, அமெரிக்காவின் மில்வாக்கி. பாரத் பிஸ்வால் என்ற ஆய்வு மாணவர், ஸ்கேனரில் சும்மா படுத்திருப்பவர்களின் மூளையைப் பார்க்கிறார். எந்த வேலையும் செய்யாதபோது வரும் சிக்னலை எல்லாரும் இரைச்சல் என்றுதான் ஒதுக்குவார்கள். பிஸ்வால் அதைக் கூர்ந்து பார்த்தார். கையை அசைக்கவைக்கும் இடப்பக்கப் பகுதியும் வலப்பக்கப் பகுதியும், கை அசையாமலே, ஒரே தாளத்தில் மெதுவாக ஏறி இறங்கின. தள்ளித்தள்ளி இருக்கும் பகுதிகள் இப்படிச் சேர்ந்து ஏறி இறங்குவதைத்தான் இன்று கனெக்டிவிட்டி என்கிறோம். நம்பப் பலருக்கு வருஷக்கணக்கானது. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான்.

பார்டர்லைன் ஆய்வு வேற வழியில் வந்தது. 2001இல் ஜெர்மனியின் சபீனே ஹெர்பெர்ட்ஸ் குழு, மனதைக் கலங்கடிக்கும் படங்களைக் காட்டி ஸ்கேன் எடுத்தது. இந்த நோய் உள்ளவர்களுக்கு, ஆபத்தை உணரும் அமிக்டலா மற்றவர்களைவிட அதிகமாகத் துடித்தது. ஆறு நோயாளிகள், ஒப்பிட ஆறு பேர். அவ்வளவுதான் எண்ணிக்கை. 2003இல் யேல் பல்கலைக்கழக ஆய்வில், சாதாரண முகங்களைக்கூட மிரட்டுற முகமாகச் சில நோயாளிகள் பார்த்தார்கள். "ஓவரா ரியாக்ட் பண்றே"ன்னு திட்டு வாங்கினவங்களுக்கு இது சின்ன விஷயமா?

பிறகு கேள்வி மாறியது. அமிக்டலா கத்துது, சரி. அதை அடக்க வேண்டிய முன்மூளையோடு அதற்குத் தொடர்பு எப்படி? 2007இல் அந்த இணைப்பு பலவீனம் என்று ஓர் ஆய்வு வந்தது. 2011இல் வினோத் மேனன் மூன்று வலைப்பின்னல் மாதிரியை வைத்தார்: தன்னைப் பற்றி யோசிக்க ஒன்று, முக்கியமானதைக் கவனிக்க ஒன்று, திட்டமிட ஒன்று. பல மனநோய்களில் இவற்றின் ஒத்திசைவு குலைகிறது என்றார். பார்டர்லைனுக்கும் அது பொருத்திப் பார்க்கப்பட்டது. ஆனால் முடிவுகள் ஒரே திசையில் வரவில்லை. ஒரு ஆய்வில் கூடியது இன்னொன்றில் குறைந்தது.

2012இல் இன்னொரு அடி. ஸ்கேனருக்குள் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஆடினாலே, இல்லாத இணைப்பு வித்தியாசங்கள் இருப்பதுபோல் தெரியும் என்று காட்டினார்கள். பதற்றமாக இருப்பவர் அதிகம் அசைவார்தானே? பழைய முடிவுகளை எல்லாம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதாச்சு.

அதனால் இன்றைக்கும் ஸ்கேன் பார்த்து இந்த நோயை யாரும் உறுதி செய்வதில்லை. உட்கார்ந்து பேசித்தான். பலன் தரும் சிகிச்சையும் பேச்சுதான்: மார்ஷா லினெஹான் உருவாக்கிய டிபிடி. அதன் முதல் பெரிய சோதனை 1991இல் வெளியானது, ஹெர்பெர்ட்ஸின் ஸ்கேனுக்குப் பத்து வருஷம் முன்னாடி. லினெஹானே பதின்வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர். அதை 2011இல்தான் வெளியே சொன்னார்.

2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பட்டியல், ஆளுமைக் கோளாறுகளின் பழைய வகைகளை எல்லாம் எடுத்துவிட்டு, தீவிரத்தை அளக்கச் சொன்னது. ஒரே ஒரு பழைய பேருக்கு மட்டும் "பாணி" என்று துணைக்குறிப்பாக இடம் கொடுத்தது. எதுன்னு சொல்லணுமா? ஸ்டெர்னோட அந்த "பார்டர்லைன்"தான்.