வழிநடைச் செவிலியர்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரே மருத்துவமனையில் நிலைத்துப் பணிபுரியாமல், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தின்பேரில் ஊர்விட்டு ஊர் சென்று நோயாளரைப் பேணும் செவிலியர் பணி இன்று பல நாடுகளில் பெருகியுள்ளது. நம் சபைகளில் செவிலியர் பயிற்சி பெற்ற பெண்மக்கள் சிலர், இருக்கும் வேலையை விட்டு இப்பணிக்கு மாறலாமா என வினவுகின்றனர். பணத்தாசையால் நேர்வது என்று இதனை இகழ்வாரும் உண்டு. முன் இல்லாத புதுமை என்று வியப்பாரும் உண்டு. இவ்விரு சாராரும் வரலாற்றை மறந்தவராவர். செவிலியரின் பயணம் பழமையானது. அதனால் விளைந்த நன்மைகள் யாவை, அவை யாரைச் சேர்ந்தன என்பவற்றை, திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தை மனத்தில் நிறுத்தி ஆராய்வோம்.

1. வீடுதேடிச் சென்ற பணி

1836இல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் தியோடர் பிளீட்னர் என்ற போதகர் உதவிக்காரிகளுக்கான இல்லமொன்றை நிறுவினார். அங்குப் பயின்ற பெண்கள் அவ்வில்லத்திலேயே தங்கிவிடவில்லை. தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்கும் சபைகளுக்கும் அனுப்பப்பட்டனர். 1851இல் அங்குப் பயிற்சி பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1854இல் ஒரு செவிலியர் குழுவுடன் ஸ்கூட்டாரி சென்றதை நாம் அறிவோம்.

1859இல் லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், மரணப்படுக்கையிலிருந்த தம் மனைவியைப் பேணிய மேரி ராபின்சன் என்ற செவிலியரை, ஏழைகளின் வீடுதேடிச் சென்று பணிபுரியுமாறு மூன்று மாதங்களுக்கு அமர்த்தினார். ஒரு மாதம் கழிந்ததும் அவர், தாம் கண்ட துயரைத் தாங்க இயலாதெனக் கூறி விடுவிக்க வேண்டினார். ராத்போனின் வற்புறுத்தலால் தொடர்ந்த அவர், காலம் முடிந்தபின் இப்பணியையே விரும்பி ஏற்றார். குறுகிய கால ஒப்பந்தம் செவிலியரின் உள்ளத்தைச் சோதிக்கவும், தக்க இடத்தில் அவரை நிலைநிறுத்தவும் வல்லது என்பதற்கு இது சான்றாகும்.

2. தமிழ் மண்ணில்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. ஆயினும் நோயாளரைத் தொட்டுத் துடைக்கும் வேலையை இழிவெனக் கருதிய சமுதாயத்தில், இதற்கு முன்வந்த பெண்கள் மிகச் சிலரே. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அக்காலத்திலேயே குடியாத்தம் செல்லும் சாலையில் மரநிழல்களில் வண்டியை நிறுத்தி, அங்கங்கே காத்திருந்த மக்களுக்கு மருத்துவம் செய்யும் வழக்கமும் உருவாயிற்று. மாட்டுவண்டிக்குப்பின் மோட்டார் வண்டி வந்தது. மருத்துவமனைக்கு வர இயலாதவரிடம் மருத்துவமனையே செல்லவேண்டும் என்ற கொள்கை அச்சாலையில் வேரூன்றியது.

இதனால் செவிலியர் பெற்ற நன்மை சிறிதன்று. திருமணமின்றியோ கணவனை இழந்தோ பிறர் தயவில் வாழ்ந்த பெண் தன் உழைப்பால் வாழக் கற்றாள். தான் பிறந்த தெருவைத் தாண்டாதவள், பல சாதியார் வீடுகளில் வரவேற்கப்பட்டாள். 1926இல் இயற்றப்பட்ட சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் அவளைப் பதிவுபெற்ற தொழிலாளியாக்கியது. 1946இல் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியபோது, இத்தொழில் கல்லூரிப் படிப்பின் மதிப்பையும் எய்தியது.

3. கடல்கடந்த பயணம்

1960களில் கேரளத்துப் பெண்கள் பலர் திருச்சபைத் தொடர்புகளின் வழியே மேற்கு ஜெர்மனிக்குச் செவிலியராகச் சென்றனர். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகள் புதிய மருத்துவமனைகளைக் கட்டின. தென்னிந்தியச் செவிலியர் அங்கு விரைந்தனர். தமிழ்நாடு அரசும் 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை ஏற்படுத்தியது. அமெரிக்காவில் பெரும்பாலும் பதின்மூன்று வார ஒப்பந்தங்களாக அமையும் பயணச் செவிலியர் பணி, 2020இல் பரவிய கொரோனாத் தொற்றின்போது மிக உயர்ந்த ஊதியத்தை ஈட்டித் தந்தது.

இப்பயணத்தின் பயன்களை மறுத்தல் நேர்மையாகாது. அயல்நாட்டு ஊதியத்தால் கடன் தீர்ந்த குடும்பங்களும், படித்து முன்னேறிய தம்பி தங்கையரும் நம் சபைகளில் உளர். பலவகை நோய்களையும் பலவகை நடைமுறைகளையும் கண்டவர், ஓரிடத்தில் இருந்தவர் பல்லாண்டில் கற்பதைச் சில ஆண்டுகளில் கற்கிறார். ஓர் ஒப்பந்தம் முடிந்ததும் ஓய்வெடுக்கவோ, பெற்றோரைக் கவனிக்கவோ, மேற்படிப்பைத் தொடரவோ அவருக்கு வாய்ப்புண்டு.

எனினும் 2014ஆம் ஆண்டை நாம் மறத்தலாகாது. ஈராக்கின் திக்ரித் நகரில் போரில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர் அவ்வாண்டு ஜூலைத் திங்களில் கொச்சிக்கு மீண்டனர். உயிர் தப்பியது பேறே. ஆயினும் பயணத்திற்காக வாங்கிய கடன் அவர்களுள் பலரை வீட்டில் எதிர்கொண்டது. இத்தகைய நாடுகளுக்குச் செல்லும் செவிலியரை அரசு சார்ந்த நிறுவனங்கள் வழியாகவே தேர்ந்தெடுக்கவேண்டும் என 2015இல் இந்திய அரசு விதித்தது. நன்மை பயணத்தில் மட்டும் இல்லை, ஒப்பந்தத்தின் நேர்மையிலும் இருக்கிறது என்பதே இதனால் பெறும் பாடம்.

4. திருப்பூர் கேட்கும் கேள்வி

நொய்யல் கரையில் 1920களில் தொடங்கிய பனியன் தொழில், 1970களில் ஏற்றுமதியில் அடியெடுத்து வைத்து, இன்று திருப்பூரை உலகறிந்த ஊராக்கியுள்ளது. 2009இல் அது தனி மாவட்டமாயிற்று. தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர் இங்கு விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் வாழ்கின்றனர். ஊரே பயணிகளின் ஊர்.

2025 வரை நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்நூறு தொழிலாளருக்கு மேற்பட்ட ஆலைகளில் செவிலியருடன் கூடிய சிகிச்சை அறை வேண்டுமென்றது. ஆனால் திருப்பூரின் உழைப்பில் பெரும்பகுதி பின்னல், வெட்டல், தையல், இஸ்திரி எனப் பிரிந்து, சிறு கம்பெனிகளில் ஜாப் ஒர்க்காக நடைபெறுகிறது. இருபது தையல் இயந்திரங்களுள்ள கூடத்திற்குச் செவிலியரை வைக்கச் சட்டம் கேட்பதில்லை. ஷிப்ட் முடிந்து செல்லும் பெண், கூலியை இழந்து புறநோயாளர் வரிசையில் நிற்க அஞ்சி, தன் இரத்தச்சோகையையும் இருமலையும் தாங்கிக்கொள்கிறாள்.

இங்கேதான் பழைய குடியாத்தம் சாலை நம் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு முதலிய நோயுடையோரின் வாசலுக்குச் சுகாதாரப் பணியாளரை அனுப்புகிறது. பின்னர் அது பணியிடங்களுக்கும் விரிந்தது. பத்துச் சிறு கம்பெனிகள் சேர்ந்து ஒரு செவிலியரை அமர்த்தி, வாரத்தில் ஒருநாள் ஒவ்வொரு கூடத்திற்கும் அவர் வருமாறு செய்வது இயலாத காரியமன்று. இந்தி அறிந்த செவிலியர் ஒருவர் வடநாட்டுத் தொழிலாளரிடையே செய்யக்கூடிய பணி அளவிடற்கரியது. பயணச் செவிலியராகப் பிற மாநிலங்களிலும் நாடுகளிலும் உழைத்துத் திரும்பியவர் பல மொழிகளிலும் பழக்கங்களிலும் தேர்ந்தவராதலின், இப்பணிக்கு மிகவும் ஏற்றவர்.

5. முடிவுரை

ஆகவே, மாறலாமா எனக் கேட்போருக்கு வரலாறு தரும் விடை இது: மாறலாம், ஆயின் கண்ணை மூடிக்கொண்டு அன்று. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். ஊதியம், உறைவிடம், பணிநேரம், திரும்பும் செலவு ஆகியவை அதில் தெளிவாயிருத்தல் வேண்டும். மூலச் சான்றிதழைப் பிறர் கையில் ஒப்படைத்தலாகாது. செல்லும் மாநிலத்தில் அல்லது நாட்டில் தொழிற்பதிவு பெறாமல் புறப்படலாகாது. கடன் வாங்கிச் செல்லும் பயணத்தை இருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

நல்ல சமாரியன் வழிப்போக்கனே. காயங்களைக் கட்டியபின் அவன் தன் வழியே சென்றான். செல்லுமுன் சத்திரக்காரனிடம் பொறுப்பை ஒப்புவித்து, செலவுக்கும் வழிசெய்தான். செல்பவனும் தேவை, சத்திரமும் தேவை. செவிலியர் பயணம் போவதைக் குறைகூறும் நாம், அவர்கள் திரும்பிவரத்தக்க ஊதியமும் மதிப்பும் உள்ள சத்திரங்களை நம் ஊர்களில் அமைத்திருக்கிறோமா என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போமாக.