சின்ன கம்ப்யூட்டருக்குள் வந்த யூனிக்ஸ்

1984-ல் ரங்கராஜன் குழு அறிக்கை தந்தது. அதன் பிறகு வங்கிகளில் கம்ப்யூட்டர் மெல்ல நுழைந்தது. ராசிபுரத்தில் என்னைப் போல வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு யூனிக்ஸ் என்ற பெயர் நினைவிருக்கும். டாஸ் ஒரு ஆளுக்கு ஒரு பெட்டி. யூனிக்ஸ் என்றால் ஒரே பெட்டியில் பல கவுண்டர்.

சின்ன கம்ப்யூட்டருக்கு அது மூன்று வழியாக வந்தது. முதலாவது ஜெனிக்ஸ்: ஏ.டி. அண்ட் டி.யிடம் உரிமம் பெற்று 1980-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இரண்டாவது கோஹெரன்ட்: மார்க் வில்லியம்ஸ் கம்பெனி சொந்தமாக எழுதியது. காப்பியா என்று பார்க்கப் போனவர்களில் யூனிக்ஸை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியும் ஒருவர். காப்பி இல்லை என்று திரும்பினார். மூன்றாவது மினிக்ஸ்: பேராசிரியர் டானன்பாம் 1987-ல் பாடம் நடத்த எழுதியது.

ஆனால் பெயரைவிட சிப்தான் முக்கியம். 8088-ல் புரோகிராம்களுக்கு நடுவே சுவர் கிடையாது. ஒன்று தடம் புரண்டால் எல்லாக் கவுண்டரும் நிற்கலாம். 286-ல் அந்தச் சுவர் வந்தது. மக்கள் பணம் எழுதும் இடத்தில் அது சாதாரண விஷயமா?

வேலைக்கு உழைத்தது ஜெனிக்ஸ். ஆனால் மினிக்ஸின் மூல நிரல் புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. அதைப் படித்த ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்டார். இன்று உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது அதுதான்.