'ஓகே'ன்னு சொன்னது யாரு? சர்வர் எழுந்து நிற்கிற கதை

அந்தியூர்ல இருந்து பேசறேன். இந்த எபிசோடுல ராஜாவும் இல்லீங்க, போரும் இல்லீங்க. சர்வர் ஆன் ஆனதும் அதுக்குள்ள இருக்கிற சர்வீஸ்களை எழுப்பி விடற ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட்டோட வரலாறுதான் இன்னைக்கு.

2012-ஐ ஞாபகப்படுத்திப் பாருங்க. சென்னையைத் தாண்டிட்டா தினமும் பல மணி நேரம் கரண்ட் கட். ஈரோடு, திருப்பூர், கோவை பக்கம் தறி நிற்கும், மோட்டார் நிற்கும். யூபிஎஸ் பேட்டரி தீர்ந்துட்டா ஆபீஸ் மூலையில இருக்கிற சர்வரும் நிற்கும். கரண்ட் வந்ததும் தறியை ஓட்ட ஆள் இருக்காங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா சர்வரை யாரு எழுப்பறது? ஆள் இல்லாத அந்த நேரத்துக்காகவே எழுதினதுதான் ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட்.

நம்பர் வரிசை

யூனிக்ஸ்ல கர்னல் முதல்ல ஓட விடற புரோகிராம் பேரு இனிட். அதோட பிராசஸ் நம்பர் 1. ஆரம்ப காலத்துல அது 'ஆர்சி'ங்கிற ஒரே ஷெல் ஸ்கிரிப்டை மேலிருந்து கீழ வரைக்கும் ஓட்டும், அவ்வளவுதான்.

1983-ல ஏடி அண்ட் டி 'சிஸ்டம் ஃபைவ்' யூனிக்ஸை வெளியிட்டாங்க. அந்த வழியில வந்த முறையைத்தான் லினக்ஸ் ரொம்ப வருஷம் பிடிச்சிட்டிருந்தது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனி ஸ்கிரிப்ட், பேருக்கு முன்னாடி ஒரு நம்பர். சின்ன நம்பர் முதல்ல, பெரிய நம்பர் அப்புறம். பந்தியில இலை போட்ட பிறகு சாதம் போடற மாதிரி, டேட்டாபேஸ் முதல்ல, வெப் சர்வர் அப்புறம்.

சிக்கல் என்னன்னா, இலை போட்டாச்சான்னு பரிமாறறவர் கண்ணால பார்ப்பார். ஸ்கிரிப்ட் பார்க்காது. சர்வீஸ்கள் பெரும்பாலும் தன்னை ஒரு நகல் எடுத்துக்கிட்டு, நகலை பின்னணியில ஓட விட்டுட்டு, முதல் பிராசஸை முடிச்சுக்கும். அது முடிஞ்சதைப் பார்த்து ஸ்கிரிப்ட் 'ஓகே'ன்னு திரையில எழுதும். உள்ள டேட்டாபேஸ் இன்னும் கண் முழிச்சிருக்காது.

பிஐடி ஃபைல்

நகலா ஓடற சர்வீஸை அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதோட பிராசஸ் நம்பரை ஒரு ஃபைல்ல எழுதி வெச்சாங்க. அதுதான் பிஐடி ஃபைல். முறையா நிறுத்தினா அந்த ஃபைல் அழிஞ்சிடும். கரண்ட் கட் முறையா நிறுத்தாதே! பூட் ஆகும்போது சுத்தமாகிற இடத்துல அந்த ஃபைலை வெக்காம, சாப்ட்வேரோட சொந்த ஃபோல்டர்ல வெச்சிருந்தா, அது அப்படியே இருக்கும். கரண்ட் வந்ததும் ஸ்கிரிப்ட் அதைப் படிக்கும். அந்த நம்பர்ல இப்போ வேற ஏதோ பிராசஸ் ஓடிட்டிருந்தா, 'ஏற்கெனவே ஓடுது'ன்னு சொல்லிட்டுப் போயிடும். 'ஸ்டாப்' கொடுத்தா சம்பந்தமே இல்லாத பிராசஸ் சாகும்.

இன்னொரு பழைய தலைவலியும் உண்டு. கையால ஸ்டார்ட் பண்ணினா ஓடும், ரீபூட் பண்ணினா ஓடாது. ஏன்னா கையால ஓட்டும்போது நம்ம லாகின்ல இருக்கிற பாத், மற்ற என்விரான்மென்ட் செட்டிங் எல்லாம் கூடவே போகும். பூட் நேரத்துல அதெல்லாம் கிடையாது.

போனை வெச்ச சத்தம்

இப்போ ரீலோடு. சர்வீஸை நிறுத்தாம புது கான்ஃபிகை மட்டும் படிக்க வெக்கிறது. இதுக்கு இன்னைக்கும் அனுப்பற சிக்னல் பேரு ஹெச்யூபி, அதாவது 'ஹேங் அப்'. டெலிபோன் லைன்ல மோடம் வழியா கம்ப்யூட்டரைத் தொட்ட காலத்துல, லைன் கட் ஆனா வர்ற சிக்னல் அது. பின்னணியில ஓடற சர்வீஸுக்கு டெர்மினலே இல்லை, அதனால அந்த சிக்னல் சும்மா கிடந்தது. அதையே 'கான்ஃபிகை மறுபடி படி'ன்னு சொல்றதுக்கு எடுத்துக்கிட்டாங்க.

ஆனா சிக்னல் ஒருவழிப் பாதை. பதில் வராது. என்ஜின்எக்ஸுக்கு ஹெச்யூபி அனுப்பறீங்க, புது கான்ஃபிக்ல ஒரு அரைப்புள்ளி விட்டுப்போச்சுன்னு வைங்க. அது லாக்ல எரர் எழுதிட்டு பழைய கான்ஃபிக்லயே ஓடும். வெப்சைட் விழாம இருக்கிறது நல்ல விஷயம்தான். ஆனா அந்தத் தப்பு ஃபைலுக்குள்ள தூங்கிட்டிருக்கும். அடுத்த கரண்ட் கட்டுக்கு அப்புறம் நினைவுல பழைய கான்ஃபிக் இருக்காது. அன்னைக்கு என்ஜின்எக்ஸ் எழவே எழாது.

டெபியன் சண்டை

2006-ல உபுண்டு 'அப்ஸ்டார்ட்'டைக் கொண்டு வந்தது. 2010-ல லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் 'சிஸ்டம்டி'யை ஆரம்பிச்சாங்க. பிஐடி ஃபைலை நம்பாம, ஒரு சர்வீஸோட எல்லா பிராசஸையும் கர்னலோட சிகுரூப் மூலமா ஒரே கூட்டமா அது பிடிச்சு வெக்கும். 'நான் தயார்'னு சர்வீஸே சொல்றதுக்கும் வழி வெச்சாங்க.

எதைத் தேர்ந்தெடுக்கறதுன்னு டெபியன்ல பெரிய சண்டை. 2014 பிப்ரவரியில எட்டு பேர் கொண்ட டெக்னிக்கல் கமிட்டி ரெண்டா பிரிஞ்சு, தலைவர் பிடேல் கார்பியோட ஓட்டால சிஸ்டம்டி ஜெயிச்சது. இத்தனை வேலையை ஒரே புரோகிராம் கையில கொடுக்கலாமாங்கிற எதிர்ப்பு அடங்கலை. அதுல பிறந்ததுதான் 'டெவுவான்'.

நமக்கு என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையா வெச்சது. 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல விண்டோஸோட கூட வந்ததே, அதே பாஸ்தான். எங்கேயோ நடந்த ஓட்டெடுப்போட முடிவு நம்ம பை வரைக்கும் வந்து சேர்ற பாதை அது.

சிஸ்டம்டி வந்தும் ரீலோடு முழுசா தீரலை. ரீலோடுன்னா ஹெச்யூபி அனுப்பறதுன்னு மட்டும் எழுதி வெச்சா, சிக்னல் போனதுமே 'முடிஞ்சது'ன்னு சொல்லிடும். ரீலோடு நிஜமாவே முடிஞ்சதுன்னு சர்வீஸே திருப்பிச் சொல்ற 'நோட்டிஃபை-ரீலோடு' வசதி 2023-லதான் வந்தது.

இந்த மொத்த வரலாறும் ஒரே கேள்வியைச் சுத்தித்தான் நடக்குது: 'ஓகே'ன்னு சொன்னது யாரு, சேதி கொண்டு போனவனா, வேலை செய்யறவனா? உங்க சர்வர் எதைச் சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கணும்னா, ரீலோடுக்கு முன்னாடி கான்ஃபிகை டெஸ்ட் பண்ணுங்க. அப்புறம் ஆள் இருக்கிற பகல் நேரமா பார்த்து ஒரு தடவை முழுசா ரீபூட் பண்ணிப் பாருங்க. எழாதது எதுன்னு அப்பவே தெரிஞ்சிடும். அடுத்த எபிசோடுல பார்க்கலாங்க.