ஊதி வரைந்த படங்கள்

தில்லியில் நம்மாட்கள் எந்த ஃப்ளாட்டில் இருந்தாலும் சரி, ஆர்.கே.புரமோ மயூர் விஹாரோ, பூஜை அலமாரியில் ஒரு காலண்டர் சாமி படம் கட்டாயம் இருக்கும். வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, படத்தை மட்டும் ஃப்ரேம் போட்டு மாட்டியது. அந்தப் படத்தில் முருகனின் கன்னத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிவப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்லவே முடியாது. தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டமும் அப்படித்தான். மஞ்சள் மெல்ல மெல்லக் கரைந்து வானத்து நீலத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். தூரிகையின் தடம் எங்குமே இருக்காது.

இந்த வழவழப்பைத் தூரிகையாலேயே கொண்டு வந்த ஜாம்பவான்கள் உண்டு. ஆனால் காலண்டர் ஓவியர்கள் பலர் இதற்காகக் கையில் எடுத்த கருவி ஏர்பிரஷ். பேனா மாதிரி பிடித்துக்கொண்டு, காற்றால் வண்ணத்தை ஊதும் கருவி.

போன மாதம் ஒரு நண்பர் கேட்டார். பையன் எட்டாவது படிக்கிறான், பொம்மைக் கார், விமானம் எல்லாம் ஒட்டுகிறான், அதற்கு வண்ணம் அடிக்க ஏர்பிரஷ் வேண்டும் என்று ஒரே நச்சரிப்பாம். "வாங்கித் தரலாமா சார், இல்லை காசு தண்டமா?" இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கருவிக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் பதில் சொன்னால் பாதிப் பதில்தான்.

வண்ணத்தை ஊதுவது ஒன்றும் புதுசில்லை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக் குகைகளில், பாறைமேல் கையை வைத்து, அதைச் சுற்றிச் செம்மண் குழம்பை ஊதிப் பதித்த கைத்தடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக் குறைந்தது 39,900 வயது என்று 2014-ல் கணக்கிட்டார்கள். நம் ஊர் இஸ்திரிக்காரர் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு 'ப்பூ' என்று வேட்டிமேல் ஊதுவாரே, அதே டெக்னிக்தான். நீரைக் காற்று உடைத்துத் துளித்துளியாக்கிப் பரப்புகிறது. மீதி எல்லாம் இதன்மேல் வந்த அபிவிருத்தி.

அந்த அபிவிருத்தி அமெரிக்காவில் நடந்தது, அதுவும் போட்டோ ஸ்டூடியோவுக்காக. அந்தக் காலத்தில் போட்டோவைப் பெரிசு பண்ணினால் மங்கிப் போகும். அதன்மேல் கையால் வண்ணமும் நிழலும் ஏற்றித்தான் கொடுப்பார்கள். 1876-ல் ஃபிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி இதற்காக ஒரு தெளிப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். (இதே ஸ்டான்லிதான் பிறகு தன் இரட்டைச் சகோதரரோடு சேர்ந்து நீராவிக் கார் செய்து பெயர் வாங்கியவர்.) மூன்று வருஷம் கழித்து, 1879-ல் அயோவா மாநிலத்தில் அப்னர் பீலர் என்பவர் இன்னொரு கருவி செய்தார். அதன் உரிமையை லிபர்ட்டி வால்கப் வாங்கிக்கொண்டார். வால்கப் தம்பதியர் இல்லினாய்ஸ் மாநிலத்து ராக்ஃபோர்ட் ஊரில் அதைத் தயாரித்து விற்றார்கள். விற்றதோடு நிற்கவில்லை, பழக்கிவிட ஒரு பள்ளியும் நடத்தினார்கள். கருவியை விற்றால் மட்டும் போதாது, கற்றுத்தரவும் வேண்டும் என்று அன்றைக்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இன்று நாம் கடையில் பார்க்கும் பேனா வடிவத்துக்கு மூலவர் சார்லஸ் பர்டிக். அமெரிக்கர். இங்கிலாந்துக்குப் போய் 1893-ல் அங்கே காப்புரிமை எடுத்தார். அவர் கருவியில் காற்றும் வண்ணமும் மூக்குக்கு உள்ளேயே கலந்து வெளியே வரும். நடுவில் ஒரு மெல்லிய ஊசி. ஊசி பின்னால் போகப் போக வண்ணம் அதிகமாகும். சுமார் நூற்றிமுப்பது வருஷம் ஆகியும் இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. 1904-ல் சிகாகோவில் யென்ஸ் பாஷே தொடங்கிய கம்பெனியின் பெயரில் இன்றும் ஏர்பிரஷ் வருகிறது.

இதற்கு ஒரு பெரியண்ணன் உண்டு. அதுதான் ஸ்ப்ரே கன். ஒஹாயோவில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு தெளிப்பான் செய்து விற்று வந்தார். 1907-ல் அவர் மகன் தாமஸ் அதே தத்துவத்தைப் பெயிண்டுக்கு மாற்றினார். தொண்டைக்கு மருந்து ஊதிய கருவி காருக்கு வண்ணம் ஊதப் போய்விட்டது! 1920-களில் சீக்கிரம் உலரும் லாக்கர் பெயிண்ட் வந்ததும், வாரக்கணக்கில் பிடித்த கார் பெயிண்டிங் வேலை மணிக்கணக்கில் முடிந்தது. தொண்டைக்கு மருந்தாக இருந்தது பின்னால் நெஞ்சுக்கு விஷமான கதையும் இதில் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

சரி, நம் பக்கம் வருவோம். கோவில்பட்டி கொண்டையராஜுவை (1898-1976) தெரியாதவர்கள்கூட அவர் வரைந்த சாமியைக் கும்பிட்டிருப்பார்கள். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, கொஞ்ச காலம் ரமணாசிரமத்தில் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, கடைசியில் கோவில்பட்டியில் நிலைத்தவர். அவரும் சீடர்களும் அங்கே போட்டோ ஸ்டூடியோவும் நடத்தினார்கள். டி.எஸ்.சுப்பையா, எம்.ராமலிங்கம் என்று ஒரு பரம்பரையே அவரிடமிருந்து வந்தது. பக்கத்தில்தான் சிவகாசி. தீப்பெட்டி லேபிளுக்காக வளர்ந்த அச்சுத் தொழில் காலண்டருக்குத் தாவியபோது, சாமி படம் வரைய ஆள் கோவில்பட்டியில் தயாராக இருந்தார்கள். போட்டோ ஸ்டூடியோ, நாடகத் திரை, காலண்டர் இந்த மூன்றும் ஒரே கையில் சேர்ந்தது தற்செயல் இல்லை. மூன்றுக்கும் வேண்டியது ஒன்றுதான்: தூரத்திலிருந்து பார்த்தாலும் முகம் பளிச்சென்று ஒளிர வேண்டும்.

பம்பாய்ப் பக்கம் இதே காலத்தில் ரகுவீர் முள்காவ்கர். மராத்தி தீபாவளி மலர்களின் அட்டைகளில் ஸ்ப்ரே முறையில் வரைந்து பெரிய பேர் வாங்கியவர். அவரும் 1976-ல்தான் காலமானார்.

தில்லிக்கும் இதில் தனிக் கணக்கு உண்டு. சாந்தினி சௌக்கில் ஹேம் சந்தர் பார்கவா கம்பெனி சாமி படங்களை அச்சிட்டு விற்றது. மதுராவைச் சேர்ந்த பிரிஜ்பாசி சகோதரர்கள் 1920-களில் கராச்சியில் படத்துக்கு ஃப்ரேம் போடும் கடை வைத்து, பிறகு நாத்வாரா ஓவியர்களின் படங்களை ஜெர்மனிக்கு அனுப்பி அச்சடித்து விற்றவர்கள். 1947-ல் பிரிவினை வந்ததும் கராச்சியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து மறுபடி தொடங்கினார்கள். ஊரை விட்டு வந்தவர்களின் கதை நமக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன! இங்கிருந்து எழுபது கிலோமீட்டரில் இருக்கும் மீரட்டில் யோகேந்திர ரஸ்தோகி, எச்.ஆர்.ராஜா இருவரும் பிரபலமான காலண்டர் ஓவியர்கள். எச்.ஆர்.ராஜா என்பது ஹசன் ரஜா ராஜா. அவர் வரைந்த இந்துக் கடவுள் படங்கள் எத்தனையோ வீட்டுப் பூஜை அறைகளில் இருந்தன. கும்பிட்டவர்கள் யாரும் கீழே இருந்த கையெழுத்தைப் படித்துவிட்டுக் கும்பிடவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

ஆனால் கையெழுத்தைப் படிக்காததில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. இந்தத் தொழிலில் பொதுவாக ஓவியருக்கு ஒரு தடவைக் கூலிதான். அதன்பிறகு எத்தனை லட்சம் பிரதி அச்சானாலும் பங்கு கிடையாது. பல படங்களில் பெயரே இருக்காது. ஸ்ப்ரேயில் தூரிகைத் தடமும் கிடையாதே, கையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. தடயம் இல்லாமல் வேலை செய்வதுதான் ஏர்பிரஷின் பெருமை. ஓவியரின் தடயத்தையும் அதுவே அழித்துவிட்டது.

அழிப்பதற்கு என்றே அதைப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஸ்டாலின் காலத்து ரஷ்யாவில் கால்வாய்க் கரையில் எடுத்த ஒரு போட்டோவில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் போலீஸ் தலைவர் யெஷோவ் நிற்பார். 1940-ல் யெஷோவைக் கொன்ற பிறகு வெளிவந்த அதே போட்டோவில் அவர் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வேலைக்கு ஏர்பிரஷும் கத்தியும்தான் கருவி. 1990-ல் ஃபோட்டோஷாப் வந்தபோது அதற்குள் ஒரு பட்டனாகவே ஏர்பிரஷ் உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு ஆங்கிலத்தில் ஏர்பிரஷ் செய்தது என்றால் 'திருத்தி மறைத்தது' என்றே அர்த்தமாகிவிட்டது. பாவம், கருவி என்ன செய்யும்?

இத்தனை ஆனபிறகும் ஊதும் வண்ணம் சாகவில்லை. 1949-ல் அமெரிக்காவில் எட்வர்ட் சீமோர் பெயிண்டை ஸ்ப்ரே டப்பாவில் அடைத்தார். அந்த டப்பாதான் பின்னால் தெரு ஓவியர்களின் ஆயுதமானது. தில்லியில் 2014-ல் ஐ.டி.ஓ.வில், அப்போதைய போலீஸ் தலைமையகச் சுவரில் சுமார் 150 அடி உயரத்தில் காந்தி எழுந்தார். வரைந்தவர்கள் ஜெர்மானியரான ஹெண்ட்ரிக் பெய்கிர்ச்சும் நம் நாட்டு அன்பு வர்க்கியும். அடுத்த வருஷம் லோதி காலனி அரசுக் குடியிருப்புச் சுவர்களில் படங்கள் வர ஆரம்பித்தன. குழந்தைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னா மார்க்கெட் பக்கம் நடத்திக் கூட்டிப் போங்கள். டிக்கெட் கிடையாது. முக்கியமாக, அங்கே வரைந்தவர்களின் பெயர் இருக்கும்.

இப்போது நண்பரின் கேள்வி. வாங்கித் தரலாம். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஏர்பிரஷில் சிங்கிள் ஆக்‌ஷன், டபுள் ஆக்‌ஷன் என்று இரண்டு ரகம். முதலாவதில் பட்டனை அழுத்தினால் காற்று வரும். வண்ணத்தின் அளவைத் தனித் திருகில் முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். பழகக் கொஞ்சம் நாளாகும், ஆனால் நேராக இதிலேயே தொடங்குவது நல்லது. மேலே சின்னக் கிண்ணம் வைத்த, 0.3 மில்லிமீட்டர் மூக்கு உள்ள மாடல் போதும். கம்ப்ரஸரில் காற்றுத் தொட்டியும் ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் இருக்கட்டும். ஜூலை, ஆகஸ்ட் தில்லி ஈரத்தில் வடிகட்டி இல்லையென்றால் படத்தின் நடுவில் பொட்டென்று தண்ணீர் துப்பும்.

வண்ணம் பால் பதத்துக்கு இருக்க வேண்டும். கெட்டியானால் அடைக்கும். நீர்த்துப்போனால் சிலந்திக்கால் மாதிரி ஓடும். அழுத்தம் 15-லிருந்து 25 பி.எஸ்.ஐ. மே மாத லூ அடிக்கும்போது அக்ரிலிக் வண்ணம் ஊசி முனையிலேயே காய்ந்துவிடும். அடிக்கடி துடைத்துக்கொள்ள வேண்டும்.

கைப்பழக்கத்துக்கு நம் வீட்டிலேயே டீச்சர் இருக்கிறார்கள். அம்மா கோலம் போடுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். விரலிடுக்கில் எவ்வளவு மாவு விடுகிறார், கை எவ்வளவு வேகமாக நகர்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூன்றும் சேர்ந்துதான் கோடு. ஏர்பிரஷும் அச்சு அசல் இதேதான். முதலில் புள்ளி, பிறகு கோடு, பிறகு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும் கோடு, பிறகு ஒரு உருண்டைக்கு நிழல். கையை முதலில் நகர்த்து, காற்றை விடு, பிறகு வண்ணத்தை இழு. முடிக்கும்போது வண்ணத்தை நிறுத்தி, காற்றைக் கடைசியில் நிறுத்து. கறாரான ஓரம் வேண்டுமென்றால் தாளை வெட்டி மறைத்து ஊதலாம். மேகம் மாதிரி மென்மையான ஓரத்துக்குப் பஞ்சைப் பிய்த்து வைத்து ஊதலாம். வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்றிக் கழுவியே ஆக வேண்டும். சோம்பல்பட்டால் அடுத்த வாரம் கருவி செத்திருக்கும்.

கடைசியாக, நெஞ்சுக்கு வருகிறேன். இதைப் பெற்றோர்கள் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். காற்றில் மிதக்கும் வண்ணத்துளி மூச்சோடு உள்ளே போகும். நவம்பர் வந்தால் பி.எம். 2.5 எண்ணைப் பார்த்துப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறோம். மூடிய அறையில் ஸ்ப்ரே அடிப்பது அதே மாதிரித் துகளை நாமே தயாரித்துக்கொள்வதுதான். அதனால் குழந்தைகளுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும். காட்மியம், ஈயம் கலந்த வண்ணங்களை ஊதவே கூடாது. பால்கனி அல்லது எக்ஸாஸ்ட் விசிறி உள்ள இடம், முகத்தில் நன்றாகப் பொருந்திய என்-95 மாஸ்க். அந்த மாஸ்க் துகளைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. தின்னர் வேலை என்றால் கார்பன் வடிகட்டி உள்ள தனி முகமூடி வேண்டும்.

நம் காருக்கு டென்ட் எடுத்துப் பெயிண்ட் அடிக்கும் தெருவோர ஷெட்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு இளைஞன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருப்பான். இரண்டு பாகம் கலக்கும் கார் பெயிண்ட்களின் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு அது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த காரணம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் கொஞ்சம் பட்டால்கூட மூச்சு இழுக்கும். கைக்குட்டை ஒன்றும் தடுக்காது. அவன் நம் பக்கத்து ஊரை விட்டு வந்தவனாகக்கூட இருக்கலாம். சரியான முகமூடிக்கு ஆகும் செலவு நம் பில்லில் ஒரு சின்ன வரி. ஷெட் முதலாளியிடம் அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்கச் சொல்வதற்கு வாடிக்கையாளர் என்ற உரிமை நமக்கு இருக்கிறது.

ஆகவே நண்பரே, பையனுக்கு ஏர்பிரஷோடு மாஸ்க்கையும் வாங்குங்கள். முதல் படம் வரைந்ததும் மூலையில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இந்தக் கருவியைப் பிடித்த எத்தனையோ பேருக்கு அந்த இரண்டும் கிடைக்கவில்லை.