மெதுவோட்டத்தின் வரலாறு: ஃப்ரைபர்க், ஆக்லாந்து, களமசேரி

2019 அக்டோபரில் கோவாவில் இந்தியாவின் முதல் அயர்ன்மேன் 70.3 போட்டி நடைபெற்றது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். அதன்பின் நெடுந்தூர டிரையத்லான் நம் பல்கலைக்கழக வளாகங்களிலும் பேசுபொருளாயிற்று. களமசேரியிலிருந்து வல்லார்பாடம் செல்லும் கண்டெய்னர் சாலையில் விடியுமுன்னரே சைக்கிள் மிதிப்போரைக் காணலாம். அவர்களுள் ஆய்வு மாணவர்களும் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. நீந்த முடிகிறது, மிதிக்க முடிகிறது, ஆனால் சைக்கிளைவிட்டு இறங்கியபின் கால்கள் ஓட மறுக்கின்றன. ஓட்டத் திறனை உயர்த்துவது எவ்வாறு?

நண்பர்கள் வழக்கமாகத் தரும் விடை, இன்னும் வேகமாக, மூச்சிரைக்க ஓடு என்பதாகும். அதன்படி ஓடிக் கணுக்கால் தசைநாணையும் கீழ்க்கால் எலும்பையும் புண்ணாக்கிக்கொண்டு பாதியில் விலகுவோர் கணிசமானவர். இவ்விடை இயற்கையான உண்மைபோலத் தோன்றினாலும் அதற்கென ஒரு வரலாறு உண்டு. அதற்கு எதிரான விடைக்கும் வரலாறு உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் முயற்சியே இப்பதிவு.

முதல் விடையின் அறிவியல் வடிவம் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 1930களில் உருவாயிற்று. பயிற்சியாளர் வால்டெமார் கெர்ஷ்லரும் இதயநோய் மருத்துவர் ஹெர்பெர்ட் ரைண்டலும் இணைந்து வகுத்த இடைவெளிப் பயிற்சியின்படி, குறுகிய தொலைவை விரைந்தோடி இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 180 அளவுக்கு ஏற்ற வேண்டும். அது 120க்கு இறங்கும்வரை ஓய்ந்து, மீண்டும் ஓட வேண்டும். ஓட்டத்தைக் காட்டிலும் அந்த ஓய்விடைவெளியிலேதான் இதயம் வலுப்பெறுகிறது என்பது அவர்கள் கருத்து. இன்று நாம் இன்டர்வல் என்ற சொல்லை வேகத்துக்கு மாற்றுப்பெயராக வழங்குகிறோம். அதைப் படைத்தவர்களோ ஓய்வையே அச்சொல்லால் குறித்தனர். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அச்சாதனை 16 ஆண்டுகள் நிலைத்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் தம் வழியில் 400 மீட்டர் ஓட்டங்களை ஒரே நாளில் பல்லாண்டுப் பிடிவாதத்துடன் திரும்பத் திரும்ப ஓடிப் பழகி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். கடுமையே பயிற்சி என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியிருக்கவில்லை.

எதிர்விடை ஆய்வகத்தில் பிறக்கவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் காலணித் தொழிற்சாலையில் உழைத்த ஆர்தர் லிடியார்ட் அதைத் தம் உடலிலேயே சோதித்துக் கண்டார். எவ்வளவு தொலைவு மிகை, எவ்வளவு குறை என்பதைப் பல ஆண்டுகள் தாமே ஓடிப் பார்த்து, வாரத்துக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் என்ற அளவில் நின்றார். அவருடைய மாணவர்கள் வைட்டகெரெ மலைத்தொடரின் 35 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை வாரந்தோறும் ஓடினர். 800 மீட்டர் ஓடுபவரும் அந்த மலைச்சுற்றுக்கு விலக்கல்லர் என்பது அக்காலத்துக்கு விந்தையாகப் பட்டது. 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். சில நாள்களில் பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் பெற்றார். மூவரும் ஒரே நகரத்தில் ஒரே ஆசானிடம் பயின்றவர்கள்.

இங்கே ஒரு திரிபைச் சுட்ட வேண்டும். லிடியார்டின் முறை பின்னாளில் ‘நீண்ட மெதுவோட்டம்’ என்று சுருங்கிவிட்டது. அவர் சொன்னது ஊர்ந்து செல்வதை அன்று. பேசிக்கொண்டே ஓடக்கூடிய, ஆயினும் சீரான ஓட்டம். அதன்மீது மேட்டோட்டமும் தடகள வேகப் பயிற்சியும் பருவம் பருவமாக அடுக்கப்பட்டன. அடித்தளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேல்மாடியை மறந்தவர்களும் பலர்.

அடித்தளம் ஏன் பயன் தருகிறது என்பதற்கு உயிர்வேதியியல் சான்று சற்றுப் பிந்தியே கிட்டியது. 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹாலொசி, எலிகளை வாரக்கணக்கில் நெடுநேரம் ஓடவைத்து, அவற்றின் தசைகளில் மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காவதைக் காட்டினார். மாற்றம் இதயத்தில் மட்டுமன்றித் தசையின் உள்ளேயும் நிகழ்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. நீண்டநேர, மிதமான உழைப்பு அம்மாற்றத்துக்குப் போதுமானது. 2000களில் நார்வேயில் பணியாற்றும் ஸ்டீஃபன் சைலர் உயர்நிலை வீரர்களின் பயிற்சிக் குறிப்பேடுகளை எண்ணிப் பார்த்து, ஐந்தில் நான்கு பங்கு அமர்வுகள் எளிய உழைப்பாகவே அமைவதைக் கண்டார். இந்த விகிதத்தை வேதவாக்காகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. வாரத்தில் இருபது மணிநேரம் பயிலும் பனிச்சறுக்கு வீரரின் விகிதம், ஆய்வேட்டுக்கும் ஓட்டத்துக்கும் இடையில் ஆறு மணிநேரம் மட்டும் ஒதுக்கக்கூடிய மாணவருக்கு அப்படியே பொருந்தும் என்று எந்தத் தரவும் சொல்லவில்லை. ஆனால் பெரும்பகுதி எளிமையாக இருக்க வேண்டும் என்ற திசை ஐயத்துக்கிடமற்றது.

டிரையத்லானுக்கு வருவோம். 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஒவாஹு தீவில், கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸின் முன்மொழிவின்படி, 15 பேர் முதல் அயர்ன்மேன் போட்டியில் இறங்கினர். 12 பேர் முடித்தனர். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் வென்றார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் முழு மாரத்தான் என்ற வரிசை, தீவில் முன்பே இருந்த மூன்று நெடுந்தூர வழிகளை ஒட்டவைத்ததன் விளைவேயன்றி, உடலியல் நோக்கில் வகுக்கப்பட்டதன்று. எனவே ஓட்டம் கடைசியில் வருவது ஒரு தற்செயல். அத்தற்செயலே இந்தப் பயிற்சிச் சிக்கல் முழுவதையும் தோற்றுவித்தது.

அதற்கு விடை கண்டவர்களுள் மார்க் ஆலன் தலையாயவர். 1980களின் நடுவில் பில் மாஃபெட்டோனின் அறிவுரைப்படி, இதயத் துடிப்பு 155ஐத் தாண்டாமல் ஓடத் தொடங்கினார். வேகமாக ஓடிப் பழகியவருக்கு அந்த வரம்புக்குள் முதலில் கிட்டிய வேகம் மைலுக்கு 8 நிமிடம் 15 விநாடி, அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடத்துக்கும் சற்று மேல். ஒரு தொழில்முறை வீரருக்கு இது நாணத்தக்க வேகம். பல ஆண்டுகளுக்குப்பின் அதே துடிப்பில் மைலுக்கு 5 நிமிடம் 20 விநாடி ஓட அவரால் இயன்றது. ஹவாயில் ஆறு முறை தோற்றவர் 1989 அக்டோபரில் டேவ் ஸ்காட்டைத் தோளோடு தோள் நின்று வென்றார். அன்று சைக்கிளைவிட்டு இறங்கி அவர் ஓடிய மாரத்தான் 2 மணி 40 நிமிடம் 4 விநாடி. அதை ஹவாயில் எவரும் விஞ்ச 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாஃபெட்டோன் பின்னர்ப் பரப்பிய ‘180இலிருந்து வயதைக் கழி’ என்ற சூத்திரம் ஒரு கைக்கணக்கே. சூத்திரத்தின்மீது ஐயமுறுவோரும் ஆலனின் பொறுமையை ஏற்றுக்கொள்ளலாம்.

இதுவரை சொன்ன வரலாற்றில் ஒரு பெருங்குறை உண்டு. ஃப்ரைபர்க்கும் ஆக்லாந்தும் நார்வேயும் குளிர்ந்த அல்லது மிதமான காற்றுடைய ஊர்கள். கொச்சியில் விடியற்காலையில் வெப்பமானி 26 டிகிரியைக் காட்டினாலும், காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் நாள்கள் பல. வியர்வை வழிகிறதேயன்றி ஆவியாவதில்லை. உடலைக் குளிர்விக்கக் குருதி தோலுக்குத் திரும்புகிறது; ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் குருதியின் அளவு குறைகிறது; அதை ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை ஏறுகிறது. ஆக்லாந்தில் எளிய ஓட்டமாக இருக்கும் வேகம் களமசேரியில் கடும் உழைப்பாகிறது. வெளிநாட்டு வேக அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் மாணவர், தாம் மெதுவோட்டப் பயிற்சி செய்வதாக எண்ணியபடியே நாள்தோறும் போட்டி ஓடிக்கொண்டிருக்கிறார். பலரது காயத்துக்கும் தேக்கத்துக்கும் காரணம் இதுவே என்பது என் துணிபு.

வெப்பத்துக்கு உடல் பழகும் முறையைப் பற்றிய அறிவு விளையாட்டு மைதானத்தில் தோன்றவில்லை என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்கள் ஆழமாகத் தோண்டப்பட்ட 1920களில், கறுப்பினத் தொழிலாளர்கள் வெப்பத் தாக்குதலால் மடிந்தனர். சுரங்க மருத்துவர் ட்ரியோஸ்டி, தொழிலாளரை வெப்பமும் ஈரமும் நிறைந்த அறையில் ஒரு மணிநேரம் வேலை வாங்கி, உடல்வெப்பத்தை அளந்து வகைப்படுத்தி, 1935இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ இரு வாரத்தில் உடல் பழகிக்கொள்கிறது, வியர்வை முன்கூட்டியே சுரக்கிறது, துடிப்பு தணிகிறது என்ற நம் பாடநூல் அறிவுக்குப் பின்னால் அவ்வறைகளில் நின்ற பெயரற்ற மனிதர்கள் இருக்கின்றனர். அதே சுரங்கத்துறை ஆய்வகத்தைச் சேர்ந்த விண்டமும் ஸ்ட்ரைடமும் 1969இல் மாரத்தான் வீரர்கள் போதிய நீர் அருந்தாமையின் ஆபத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினர். சுரங்கத்திலிருந்து சாலைக்கு அறிவு நகர்ந்த வழி அது. அவ்வறிவுரை காலப்போக்கில் ‘குடிக்க முடிந்த அளவு குடி’ என்று மிகையாகி, நீர் மிகுந்து குருதியில் சோடியம் குன்றும் நோயை வருவித்தபோது, அதை 1985இல் எடுத்துக்காட்டியவர் டிம் நோக்ஸ். அவரும் தென்னாப்பிரிக்கரே.

வெப்ப நாட்டின் ஓட்டத்துக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியின் 10,000 மீட்டரில், புதுக்கோட்டையின் ஜி. லட்சுமணன் முதலாவதாகவும் வயநாட்டின் டி. கோபி இரண்டாவதாகவும் வந்தனர். இருவரும் ராணுவத்தினர். லட்சுமணனின் நேரம் 29 நிமிடம் 55 விநாடி. உலகத் தரத்தில் மெதுவான நேரம்தான். ஜூலை மாதத்து ஒடிசாவின் புழுக்கத்தில் ஆசியாவை வெல்ல அது போதுமானதாக இருந்தது. அவர் 5,000 மீட்டரிலும் தங்கம் பெற்றார். கோபியின் கதை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 2016 மும்பை மாரத்தானில் மற்றொரு வீரருக்கு வேகம் அமைத்துத் தரவே இறங்கியவர், நிற்காமல் ஓடி இந்தியர்களுள் இரண்டாவதாக முடித்து ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2017 நவம்பரில் சீனாவின் டோங்குவானில் ஆசிய மாரத்தான் பட்டத்தை வென்றார். நெடுங்காலம் சேர்த்த அடித்தளம் இல்லாத உடலில் இத்தகைய தற்செயல் நிகழாது.

இவற்றிலிருந்து களமசேரி மாணவர் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில. சைக்கிள் பயிற்சி இதயத்தையும் மைட்டோகாண்ட்ரியாவையும் ஏற்கெனவே வளர்த்துவிடுகிறது. அது வளர்க்காதவை எலும்பும் தசைநாணும். ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. தசை சில வாரங்களில் தேறும், தசைநாண் தேற மாதங்களாகும். ஆகவே டிரையத்லான் வீரருக்கு வாரத்தில் ஒரு நீள ஓட்டத்தைக் காட்டிலும், நான்கு அல்லது ஐந்து குறு ஓட்டங்கள் முதற்கண் வேண்டுவன. அவற்றுள் ஒன்றிரண்டைச் சைக்கிளைவிட்டு இறங்கிய உடனே, பதினைந்து நிமிடம் மட்டும், ஓடிப் பழகலாம். வேகத்தைக் கடிகாரம் முடிவுசெய்ய வேண்டாம். முழு வாக்கியமாகப் பேச முடியாதபோது நடக்கத் தொடங்கலாம். ஏப்ரல் மாதத்தில் எச்.எம்.டி. சாலை மேட்டில் நடப்பது, ஆலனின் 8 நிமிடம் 15 விநாடிக்கு நிகரானதே. வேகப் பயிற்சி வாரத்துக்கு ஒன்று போதும். அதுவும் அடித்தளம் சில மாதம் கண்டபின்.

வரலாற்று மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். லிடியார்டின் முறை 1962இலேயே நூலாயிற்று. ஆகவே அது உலகெங்கும் மேற்கோளாகிறது. புதுக்கோட்டையிலும் வயநாட்டிலும் இடுக்கியிலும் நெடுந்தூர ஓட்டக்காரரை உருவாக்கிய பள்ளி ஆசிரியர்களும் ராணுவப் பயிற்சியாளர்களும் இன்று முதுமையில் இருக்கின்றனர். எந்த மாதத்தில், எந்த மணிக்கு, எந்த வயல்வரப்பில், எவ்வளவு ஓடவைத்தனர், எப்போது நிறுத்தினர் என்பவற்றைக் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர்களுடைய குறிப்பேடுகள் கிடைத்தால் பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் துறை நூலகத்தில் சேருங்கள்.